ராக் இசை யார் வீட்டுச் சொத்து?

“இங்கிலீஷ் பாட்டெல்லாம் மேட்டுக்குடி ஆளுங்க கேக்குறது தோழர். நமக்கு எதுக்கு?” கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். கல்லூரியிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நான் கேட்டுக்கொண்டிருந்தது டேவிட் போவியின் ‘ஜிக்கி ஸ்டார்டஸ்ட்’. 1972 ஜூனில் வந்த ஆல்பம். கிளாம் ராக் என்றதும் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். மொத்தம் 38 நிமிடம். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் தாராளமாகக் கேட்டு முடிக்கலாம். உலகம் அழிய ஐந்தே வருடம் என்ற செய்தியோடு தொடங்குகிறது. உடைந்து நிற்கும் ஒருவனிடம் ‘உன்னோடு ஆள் இருக்கிறது’ என்று கதறி முடிகிறது. இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிறவருக்கு இது புரியாதா என்ன?

போவி வெள்ளையர். ஆனால், சிறுவயதில் அவரைச் சாக்ஸபோன் பக்கம் இழுத்தது லிட்டில் ரிச்சர்ட் என்ற கறுப்பினக் கலைஞரின் இசை. இந்த ஆல்பத்தின் ‘சஃப்ரகெட் சிட்டி’ பாட்டில் அடித்து நொறுக்கும் பியானோவும் அவர் பாணிதான். நிறவெறி ஆண்ட ஜார்ஜியாவில், பேருந்து நிலையத்தில் பாத்திரம் கழுவியவர் ரிச்சர்ட். கண்ணுக்கு மை, உயரச் சீவிய முடி, மினுக்கும் உடை என்று கிளாம் ராக் பின்னாளில் கொண்டாடியதையெல்லாம் 1950களிலேயே மேடையேற்றியவர். 1955இல் அவர் பாடிய ‘டுட்டி ஃப்ருட்டி’யை அடுத்த ஆண்டே பேட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் பாடினார். விற்பனைப் பட்டியலில் பூன் பாடியதே மேலே போனது.

நமக்குத் தெரியாத கதையா இது? பறையைச் சாவு வீட்டோடு நிறுத்தினார்கள். கானாவை ‘லோக்கல்’ என்றார்கள். அதே கானா சினிமாவுக்குள் போனதும் தாளம் போட்டு ரசித்தார்கள்.

போவி தன் கடனை மறைக்கவில்லை. 1983இல் எம்டிவி பேட்டியில், கறுப்பினக் கலைஞர்களை ஏன் காட்டுவதில்லை என்று அந்தத் தொலைக்காட்சியையே கேட்டார். நம் ஊரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, கானா பாடகர்களும் பறையும் முன்னால் நின்றார்கள், கிட்டார் அவர்களோடு சேர்ந்து வந்தது. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

தம்பி, ராக் மேட்டுக்குடிச் சொத்து இல்லை. ஒடுக்கப்பட்டவர்கள் உண்டாக்கியது. கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்கும்போது, இதை முதலில் வாசித்த கை யாருடையது என்றும் கேளுங்கள்.

ஜெய்பீம்.