படிவத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு ஆகஸ்ட் விடுமுறை. கிழக்குக் கரையிலிருந்து 42 பிள்ளைகளுடன் நுவரெலியாவுக்கு 3 நாள் வதிவிட முகாம் போனோம். சமையலுக்கு ஒரு குழு, விளையாட்டுக்கு ஒரு குழு. மருந்துப் பெட்டி எங்கள் இருவர் பொறுப்பில் வந்தது. நாங்கள் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிப்பவர்கள். ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிதான் எங்கள் தகுதி.

பதுளை தாண்டியதும் பஸ்ஸில் சத்தி தொடங்கியது. இறங்கியதும் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பக்கட் ஜீவனி கரைத்துக் கொடுத்தோம். முதல் இரவு ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுவலி. அதில் பாதி உம்மாவின் நினைப்பு. இஞ்சிப் பிளேன்டீயும் பத்து நிமிடப் பேச்சும் போதுமாக இருந்தது. "இவ்வளவுதானா மருத்துவ அறை?" என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

இரண்டாம் இரவு 2 மணிக்குக் கதவு தட்டப்பட்டது. "சேர், இவனுக்கு மூச்செடுக்க ஏலாம இரிக்கி."

தரம் 7 மகன் ஒருவர். தோள்கள் ஏறி இறங்கின, மூச்சில் விசில் சத்தம். ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை. படிவத்தைத் தேடி எடுத்தோம். "ஏதேனும் நோய் உண்டா? ஆம் / இல்லை." வாப்பாவின் கையெழுத்தில் "இல்லை".

எங்கள் பெட்டியில் பனடோல், பிளாஸ்டர், ஜீவனி, சித்தாலேப எல்லாம் இருந்தன. இன்ஹேலர் இல்லை. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, போர்வை சுற்றி, 1990 சுவசெரியவுக்கு அழைத்தோம். அம்பியூலன்ஸ் வரும்வரை அவரது முதுகைத் தடவியபடி நாங்கள் ஓதிய துஆக்களுக்குக் கணக்கில்லை. ஒட்சிசன் கொடுத்து ஏற்றினார்கள். வைத்தியசாலையில் நெபுலைஸ் செய்தார்கள். சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம், "சேர், பசிக்கிது" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

விடிந்ததும் உம்மாவுக்கு அழைத்தோம். கோபத்தோடுதான் அழைத்தோம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் அழுதார். "சின்னதிலிருந்து முட்டு இரிக்கி சேர். எழுதினா புள்ளய உட்டுட்டுப் போயிருப்பீங்கதானே. அவன் ஒரு மாசமா இந்தப் பயணத்தத்தான் பேசிட்டிருந்தான்."

எங்களுக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. அந்தக் கேள்வியை நாங்கள் எழுதியதே, "ஆம்" என்றிருப்பவர்களைக் கழித்துவிடத்தான். உண்மையைச் சொன்னால் தண்டனை என்று படிவமே சொல்லிக்கொண்டிருந்தது. பொய்யை எழுதியது வாப்பா, எழுத வைத்தது நாங்கள்.

அடுத்த முகாமுக்குப் படிவத்தை மாற்றினோம். முதல் வரியில், "இதில் எழுதும் எதற்காகவும் உங்கள் பிள்ளையைக் கேட்காமல் நிறுத்தமாட்டோம். எப்படிப் பாதுகாப்பாகக் கூட்டிப்போவது என்று உங்களோடு சேர்ந்து யோசிப்போம்" என்று போட்டோம். கீழே, "பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ள நாங்கள் என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டோம்.

படிவங்கள் நிரம்பி வந்தன. வீசிங், வலிப்பு, இறால் ஒவ்வாமை, பென்சிலின் ஒவ்வாமை, படுக்கையில் சிறுநீர். இந்தப் பிள்ளைகளெல்லாம் முன்பும் எங்களோடு வந்தவர்கள்தான். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வேலை கூடியது. பஸ் ஏறுமுன் ஒவ்வொரு பிள்ளையின் மருந்தையும் பெயர் ஒட்டிய பையில் பெற்றோர் கையிலிருந்தே வாங்கினோம். வைத்தியர் எழுதிய துண்டும் கூடவே இருக்க வேண்டும். கொடுத்த நேரம், அளவு, கொடுத்தவர் பெயர் எல்லாம் கொப்பியில் பதிந்தோம். பனடோல் பிள்ளையின் நிறை பார்த்துத்தான். டெங்கு உள்ள நாடு என்பதால், காய்ச்சலுக்கு அதைத் தவிர வேறு குளிசை எதுவும் இல்லை. மருந்துப் பெட்டி பூட்டில். இன்ஹேலர் மட்டும் பிள்ளையின் பொக்கட்டில், எந்நேரமும். சிறுநீர்ப் பிரச்சினை உள்ள பிள்ளைகளை இரவு 12 மணிக்கு யாருக்கும் தெரியாமல் எழுப்பிக் கூட்டிப்போனோம்.

அந்த மகனும் வந்திருந்தார். மலையேறும்போது ஒரு இடத்தில் நின்று, தானே இன்ஹேலரை எடுத்து அடித்துவிட்டு, மூச்சுச் சீரானதும் நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் வருத்தத்தை மறைக்காதீர்கள். ஆசிரிய நண்பர்களே, அவர்கள் மறைக்கும்படி நாம் கேட்காதிருப்போம்.