அந்தப் போட்டோவில் இருப்பது நான்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி 1998 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஒரு ஸ்டூல் மேல் நான்கு குட்டி பாட்டில்கள். பக்கத்தில் வேட்டி, கைவைத்த பனியனோடு நான், ஒரு கண்ணாடி கிளாசை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் காலைக்குள் அது தொண்டி, திருவாடானை எல்லாம் சுற்றி என் மகளின் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் போன் செய்து, "என்னப்பா இது, அத்தை கேக்குறாங்க" என்றாள். "சாரையும் கெடுத்துட்டானுங்க" என்று ஒருவர். "சார் மாஸ்" என்று இன்னொருவர். இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் விட்டிருப்பேன். ஒரே ஒரு செய்திதான் என்னை எழுத வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நடந்தது. அபர்டீனில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். "சார், நீங்க காய்ச்சி வடித்தல் பாடம் நடத்துனீங்கள்ல, அதோட அசல் வடிவம் கொண்டாந்திருக்கேன்" என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். ஒவ்வொன்றிலும் 50 மில்லி. நான்கும் சிங்கிள் மால்ட். மூன்று ஸ்காட்லாந்து, ஒன்று பெங்களூர். பெங்களூரில் செய்தது கப்பலேறி ஸ்காட்லாந்து போய், அங்கே கடையில் விற்று, விமானத்தில் ஆர்.எஸ்.மங்கலம் வந்திருக்கிறது!

நான் குடிக்காதவன். கல்யாண வீடுகளில் யாராவது கட்டாயப்படுத்தினாலும் எழுந்து வந்துவிடுவேன். 31 வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு அன்று ஆசை எங்கிருந்து வந்தது என்றால், உள்ளபடி சொல்கிறேன், மூக்கிலிருந்து வந்தது.

சிங்கிள் மால்ட் என்றால் என்ன? முளைகட்டிய பார்லி மட்டும், தண்ணீர், ஈஸ்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கேழ்வரகை முளைகட்டுவோம் அல்லவா, அதே வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன; அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. பிறகு புளிக்கவைத்து, செம்புப் பானையில் பெரும்பாலும் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். முழுக்க ஒரே ஆலையில் நடக்க வேண்டும். 'சிங்கிள்' என்பது அந்த ஒரே ஆலையைத்தான் குறிக்கிறது. ஒரே பீப்பாய் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்க வேண்டும். '12 ஆண்டு' என்று எழுதியிருந்தால், அதில் கலந்த சரக்கில் மிக இளையதன் வயது 12.

வடித்து இறக்கும்போது அது தண்ணீர்போல நிறமற்று இருக்கும். நிறமும் மணமும் பெருமளவு பீப்பாய் தருபவை. கருமையாக இருந்தால் பழையது என்று நம்பாதீர்கள். கேரமல் நிறம் சேர்க்க அங்கே அனுமதி உண்டு.

ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெறும்போது நினைவாகக் கொண்டுவந்த அளவுஜாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆளுக்கு 15 மில்லி அளந்தோம். ஒரு நாளைக்கு இரண்டு வகை என்று இரண்டு மாலைகள். கிளாசையும் அவனே கொண்டுவந்திருந்தான். அடி அகன்று வாய் குறுகியது, நம் கோனிகல் ஃபிளாஸ்க் சாடை. மணம் வெளியே ஓடாமல் இருக்கத்தான் அந்த வடிவம்.

எங்கள் வீட்டம்மா திட்டிக்கொண்டேதான் மாடிக்கு வந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. ஆனால் மூவரில் நல்ல மூக்கு அவருடையதுதான்.

முதலில் கிளென்லிவெட் 12. ஸ்பே ஆற்றுப் பக்கத்தது. 1823இல் புதிய வரிச் சட்டம் வந்ததும், அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஸ்மித் என்பவர் அந்தப் பள்ளத்தாக்கில் உரிமம் வாங்கினார். திருட்டுத்தனமாகக் காய்ச்சிய அக்கம்பக்கத்தார் ஆலையைக் கொளுத்துவோம் என்று மிரட்ட, இடுப்பில் இரண்டு துப்பாக்கியோடு திரிந்தாராம். அந்த முரட்டுக் கதைக்கும் கிளாசில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. லேசான இனிப்பு மணம். வீட்டம்மா முகர்ந்துவிட்டு, "அன்னாசிப்பழம்" என்றார். பிறகு எங்களுக்கும் அன்னாசிதான் தெரிந்தது.

இரண்டாவது கிளென்ஃபார்க்லஸ் 15. இதுவும் அதே ஸ்பே பக்கம்தான். 1865 முதல் ஒரே கிராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் ஊறவைக்கிறார்கள். உலர்திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் பட்டை. "கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டுல குடுப்பாங்களே, அந்தக் கேக்கு" என்றார் வீட்டம்மா. முதலாவதும் இதுவும் ஒரே வட்டாரம், ஒரே தானியம், ஒரே முறை. மரம் மாறியதும் ஆளே மாறிவிட்டது.

மறுநாள் லாஃப்ராய்க் 10. ஐலா தீவில் கடலை ஒட்டிய ஆலை, 1815இல் தொடங்கியது. மூடியைத் திறந்ததும் வீட்டம்மா இரண்டடி தள்ளி நின்று, "இது பிரசவ வார்டு வாசம்" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னது அறிவியல். அந்தத் தீவில், சதுப்பு நிலத்தில் மட்கி இறுகிய 'பீட்' என்னும் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் முளைப்பார்லியை உலர்த்துகிறார்கள். புகையிலுள்ள பீனால்கள் தானியத்தில் ஒட்டி, வடித்த பிறகும் கூடவே வருகின்றன. பெரிக் குளோரைடு விட்டால் ஊதா நிறம் வருமே, அதே பீனால் குடும்பம். எனக்கு டிங்சர், தேவிபட்டினம் கடற்கரைக் காற்று, கருவாடு கட்டிய சாக்கு எல்லாம் சேர்ந்து வந்தன. நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டதும் புகை மணம் இன்னும் தூக்கியது. 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினிக் கணக்கில் காட்டியது இதுதான். புகை மணம் தரும் குவையாகால் மூலக்கூறு, தண்ணீர் சேர்ந்து அடர்த்தி குறைந்தால் மேற்பரப்புக்கு வந்து நிற்கும்.

கடைசியில் நம் பெங்களூர் அம்ருத் ஃப்யூஷன். 50 சதவீதம், மூவரையும்விடக் காரம். முக்கால் பங்கு இந்தியப் பார்லி, கால் பங்கு பீட் புகையூட்டிய ஸ்காட்லாந்துப் பார்லி. அம்ருத் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் விற்கப் போன இடமே கிளாஸ்கோ. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை, ஆனால் விற்றுவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். பெங்களூர் வெயிலில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். வெப்பம் கூடினால் வினையின் வேகம் கூடும் என்று படித்தீர்களே. அதனால் அங்கே பன்னிரண்டு ஆண்டு கிடக்க வேண்டியது இங்கே நான்கைந்து ஆண்டில் பக்குவமாகிவிடுகிறது. எனக்கு அதில் சுட்ட பனங்கிழங்கு மணம் தெரிந்தது. நான்கில் எது பிடித்தது என்று பையன் கேட்டான். இதைத்தான் சொன்னேன்.

பனங்கிழங்கு நினைவுக்கு வந்ததும் எங்கள் தாத்தாவும் வந்தார். அவர் பதநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கண்மாய்க்கரை மரம், இது உப்பூர்ப் பக்கத்து மரம்" என்பார். கடலோரப் பனையில் ஒரு உப்புச் சாடை இருக்கும் என்பது அவர் கணக்கு. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்கிற பெருமைபோல அதுவும் அவருக்கு ஒரு பெருமை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பாட்டில் மேல் அச்சடித்து விற்கிற அந்த அறிவு நம் ஊர்ப் பனையேறிகளிடம் இருந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. மரத்துக்கு மரம் ருசி பார்த்த பழக்கமும் தேய்ந்து, 'குவார்ட்டர்' என்கிற ஒரே அளவுதான் ஊரில் நிலைத்தது. அதில் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராவிதான். யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்குகிறார்கள்.

இந்த இடத்தில், "ஆகவே நான் பார்த்தது ரசனை, அவர்கள் குடிப்பது குடி" என்று எழுதி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஒரு செய்தி வந்தது.

அனுப்பியவர் என் பழைய மாணவி. இப்போது செவிலியராக இருக்கிறார். பத்தாம் வகுப்புத் தேர்வின்போது அவருடைய அப்பா பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தார். நானும் இன்னொரு ஆசிரியரும்தான் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டோம். அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். கல்லீரல். துக்கத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பிள்ளையிடம், "அம்மா, எந்த ரூபத்தில் வந்தாலும் அது விஷம்தான்" என்று சொன்னவன் நான்.

அவர் அனுப்பியது ஒரே வரி: "சார், அந்தப் போட்டோல இருக்கிறது நீங்கதானா?"

"நான்தாம்மா" என்று எழுதினேன். கூடவே, இது வேறு வகை, வாசனை பார்க்கத்தான், 15 மில்லிதான் என்றெல்லாம் விளக்கமும் எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "அப்பாவும் முதல்ல, இது வேற சரக்கும்மான்னுதான் சார் சொல்லுவாரு."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்னாசியும் திராட்சையும் புகையும் வேறு வேறு மூலக்கூறுகள். எத்தனால் ஒன்றேதான். ஸ்பே ஆற்றங்கரையிலும் பெங்களூரிலும் நம் பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் கல்லீரலுக்கு அது ஒரே பொருள்தான். இதை 31 வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன், தன் கிளாசுக்கு மட்டும் தனிப்பாடம் நடத்தப் பார்த்தேன்.

அந்த இரண்டு மாலைகளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. இல்லை என்று சொன்னால் அது பொய். கொண்டுவந்த தம்பியை யாரும் குறை சொல்ல வேண்டாம், அளந்தவன் நான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் எழுதிய விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இனி ஊருக்கு வருகிறவர்கள் எனக்கு பாட்டில் கொண்டுவர வேண்டாம். பங்குனி கடைசியில் வாருங்கள். கண்மாய்க்கரைப் பதநீரும் கடலோரப் பதநீரும் ஒரு காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வீட்டம்மா மூக்கோடு தயாராக இருக்கிறார். அந்தப் பிள்ளையையும் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்
ஆர்.எஸ்.மங்கலம்