வீடியோ போட்டோம், பாடம் நடந்ததா?



ஊர்ப் பெற்றாருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். யாரையும் குறை சொல்ல வரவில்லை. பிழை எங்களுடையது.

எங்கட பாடசாலையில் நாங்கள் மூன்று பேர் விஞ்ஞானம் படிப்பிக்கிறோம். போன வருடம் தரம் 11க்கு ஒளித்தொகுப்புப் பாடம் வந்த நேரம், பழைய மாணவர்கள் தந்த புரொஜெக்டரும் புதிதாக வந்திருந்தது. ஆசையோடு யூடியூபில் தேடி 14 நிமிட வீடியோ ஒன்றைப் போட்டோம். பேசும் சூரியன், பாட்டு, இலைக்குள்ளே புகுந்து வரும் கெமரா. கடைசி வாங்கில் தூங்குகிற பிள்ளைகூட கண் மூடவில்லை. மணி அடித்ததும் கைதட்டினார்கள். எங்களுக்கும் பெருமைதான்.

தவணைப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. இலையில் மாப்பொருள் உண்டா என்று சோதிக்கும்போது அதை மதுசாரத்தில் இட்டுச் சூடாக்குவது ஏன்? சரியாக எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம். நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை தாள் முழுக்க 'ஒளிச்சேர்க்கை', 'ஸ்டார்ச்', 'கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதியிருந்தாள். அது தமிழ்நாட்டு வீடியோ. எங்கட பாடநூலில் அவை ஒளித்தொகுப்பு, மாப்பொருள், காபனீரொட்சைட்டு. புள்ளியைப் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், நீங்க காட்டினதைத்தானே எழுதினேன்" என்றாள். எங்களிடம் பதில் இல்லை.

கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்ததே இதுதான்: பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன செய்ய முடிய வேண்டும் என்று முதலில் எழுது, சாதனத்தைப் பிறகு தேடு. நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம். அந்தப் பாடவேளையில் பிள்ளை பரிசோதனை செய்து காட்டப் பழக வேண்டும். வீடியோவில் பரிசோதனையே இல்லை.

திரும்பப் படிப்பித்தோம். செவ்வரத்தைச் சாடி ஒன்றை இரண்டு நாள் இருட்டறையில் வைத்தோம். பிறகு ஓர் இலையின் நடுவில் கறுப்புக் கடதாசி சுற்றி வெயிலில் வைத்தோம். அந்த இலையைக் கொதிநீரில் இட்டு, அடுத்து மதுசாரத்தில் இட்டோம். மதுசாரம் என்றதும் பையன்கள் சிரித்தார்கள், பரவாயில்லை. அது இலகுவில் தீப்பற்றும் என்பதால் நேரடியாகச் சூடாக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே சூடாக்கினோம். பச்சையம் கழன்று இலை வெளிறியது. கழுவி, அயடீன் விட்டது அதே பிள்ளைதான். வெயில் பட்ட இடம் கருநீலமாகியது, கடதாசி மறைத்த இடம் ஆகவில்லை. பச்சை போனால்தானே அந்த நிறம் தெரியும்! யாரும் பாடமாக்கத் தேவைப்படவில்லை.

அதைப் போனில் 3 நிமிட வீடியோவாக எடுத்தோம். பாடநூல் சொற்களில் நாங்களே பேசினோம். இப்போது மீட்டலுக்கு அதைத்தான் போடுகிறோம். வேறு வீடியோ என்றால் மூன்று பேரில் ஒருவர் முதல் நாளே முழுதாகப் பார்க்கிறோம். பாடத்தின் நோக்கத்துக்குப் பொருந்துகிற பகுதியை மட்டும் வெட்டி, இடையில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்கிறோம். சொல் வேறானால் கரும்பலகையில் இரண்டையும் எழுதுகிறோம்.

பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். வட்ஸ்அப்பில் வருகிற எல்லாப் பாட வீடியோவுக்கும் டேட்டாவைச் செலவழிக்க வேண்டாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் எங்கட பாடநூல்கள் தமிழிலேயே இருக்கின்றன, முதலில் அதைத் திறவுங்கள். பிள்ளை ஒரு வீடியோ பார்த்து முடித்தால் "விளங்கினதா?" என்று கேட்க வேண்டாம். "எங்கே, செய்து காட்டு பார்ப்பம்" என்று கேளுங்கள்.

வீடியோ எடிட்டிங் தெரிந்த பழைய மாணவர்கள் யாரும் இருந்தால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். இன்னும் நிறையப் பரிசோதனைகள் எடுக்கக் கிடக்கின்றன. தேநீர் எங்கட செலவு.