காலடியே போதும், இப்போதைக்கு

அன்புத் தம்பி முருகேசனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். நீ சிலம்பம் பழகப் போவதை உன் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? என்னிடம் என்னடா கூச்சம்? களத்தில் நான் கம்பு சுற்றும்போது வேலியோரம் குந்தியிருந்து பார்த்தவன்தானே நீ. 35 வயதில் உனக்கு இந்த ஆசை வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதற்குள் நின்றுவிடலாமா என்று யோசிக்கிறாயாம். இன்னும் கம்பையே கையில் தரவில்லை, காலடியையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார் என்று அவளிடம் குறைப்பட்டிருக்கிறாய். கம்பு தர அவசரப்படாத வாத்தியார் நல்ல வாத்தியார், தம்பி. முதல் நாளே சுற்றவிட்டு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். அடி போடுவதும் அடிக்குத் தப்புவதும் காலில்தான் இருக்கிறது. எதிராளியின் கம்பு இறங்கும்போது யோசிக்க நேரம் ஏது? கால் அதற்கு முன்பே விலகியிருக்க வேண்டும். போட்டுப் போட்டுச் சலித்து, அந்தச் சலிப்பும் தீர்ந்த பிறகுதான் அது உடம்பில் ஒட்டும்.

கம்பு கைக்கு வந்ததும் நெற்றி வரை எட்டுகிறதா என்று நிறுத்திப் பார். உன் உயரத்துக்கு ஐந்தரை அடி சரியாக இருக்கும். இறுக்கிப் பிடிப்பாய், புதிதாக வருகிற எல்லோரும் அப்படித்தான். இறுக்கினால் மணிக்கட்டு திரும்பாது, பாரமெல்லாம் தோளில் ஏறி, ராத்திரி சட்டையைக் கழற்றக் கை தூக்க முடியாது. கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வரும், உடையும், அப்புறம் காய்ப்புக் காய்க்கும். உன் கம்பே உன் கணுக்காலைப் பதம் பார்க்கும். திடீரென்று ஒரு நாள் பிடி இளகி, கம்பு ‘விர்’ரென்று காற்றை அறுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மணிக்கட்டு வழிக்கு வந்துவிட்டது. மறுநாள் கேட்காமல் போகலாம். மனதை விட்டுவிடாதே, மறுபடி வரும்.

பக்கத்தில் இரட்டைக் கம்பு சுற்றுகிற பிள்ளைகளைப் பார்த்து வெட்கப்படாதே. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளிலும் செயல்விளக்க ஆட்டமாக வைத்தார்கள். பெற்றோர் பிள்ளைகளை ஆசையோடு கொண்டுவந்து விடுகிறார்கள், நல்லதுதான். அதனால் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் பக்கம் வாத்தியாரின் கண் முதலில் போகும். நீ ஓரமாக நிற்காமல், “ஐயா, என் காலைப் பாருங்கள்” என்று கேட்டுத் திருத்திக்கொள். கேட்கிறவனை எந்த வாத்தியாரும் தள்ள மாட்டார்.

எனக்கு உள்ளூர ஒரு கவலை உண்டு. உனக்கு வலியை மறைக்கிற குணம். தொடையும் தோளும் இரண்டாம் நாள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அது தசைவலி, மூன்று நான்கு நாளில் போய்விடும். முட்டியோ மணிக்கட்டோ வீங்கினால், சுருக்கென்று குத்தினால், அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு. பைக்கில் விழுந்த அந்த முட்டி நினைவிருக்கட்டும். மண்தரையில் வெறுங்காலோடு ஆடுவது நல்லதுதான். சிமெண்ட் தரையில் குதிக்காதே.

இன்னொன்று. நாலு மாதம் பழகிவிட்டுத் தெருச் சண்டையில் தலையிடப் போகாதே. கத்தி எடுத்தவன் முன்னால் நீ கம்பு தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கிருந்து ஓடிவந்துவிடு, எனக்கு நீ வேண்டும். இப்போதைக்கு இந்தப் பழக்கம் உனக்குத் தருவது மூச்சும், நிதானமும், நல்ல தூக்கமும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற உனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எதிராளியைக் கம்பால் தொடும் தொடுமுறை பழகும்போது தலைக்கவசம் தருகிறார்களா என்று விசாரித்து எழுது. இல்லையென்றால் நான் இங்கேயே வாங்கி அனுப்புகிறேன், காசைப் பற்றிப் பேசாதே. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கையில் காயத்தோடு பொங்கலுக்கு வந்து நின்றால் என்னைத்தான் பிடிப்பாள். அதற்கு முன்னால் போனில் நீயே சொல்லிவிடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா