நின்ற வண்டி

இயங்குகின்ற பொருள் தேயும் என்பதை அனைவரும் அறிவர். இயங்காமல் நிற்கும் பொருள் அதனினும் விரைவாகக் கெடும் என்பதைப் பட்டறிந்த பிறகே பலர் உணர்கின்றனர். தமிழாசிரியர் ஒருவர் மலருக்குக் கட்டுரை எழுதுகிறார் என்றால் சங்க இலக்கியத்தையோ காப்பியத்தையோ எடுத்துக்கொள்வார் என்றே படிப்போர் எதிர்பார்ப்பர். யாம் இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பழைய காரின் கார்புரேட்டர். பணி ஓய்வு பெற்றபின் ஏடுகளை மூடி வைத்துவிட்டு வாளா இருந்த எமக்கு, ஒரு பாடம் அங்கிருந்துதான் கிடைத்தது.

2022ஆம் ஆண்டுக் கோடையில் மகள் வீட்டில் தங்குவதற்காக இங்கிலாந்து சென்றிருந்தோம். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே தேம்ஸ் நதிக்கரையில் அமைந்த ஆபிங்டன் அவர்களது ஊர். எம்.ஜி. எனப் பெயர் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் 1929 முதல் 1980 வரை அவ்வூரில்தான் உருவாயின. அடுத்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் தனியே வாழ்ந்தார். இளமையில் அத்தொழிற்சாலையில் சேர்ந்து, 1980 அக்டோபரில் அது மூடப்படும் வரை அங்கேயே உழைத்தவர். அவர் வீட்டுக் கொட்டகையில் 1971ஆம் ஆண்டைச் சேர்ந்த எம்.ஜி.பி. கார் ஒன்று துணி போர்த்தி நின்றது. 2009இல் மனைவி இறந்த பின் அவர் அதனை ஒருமுறையும் இயக்கவில்லை.

ஆகஸ்டு மாத இறுதியில் வீட்டை விற்றுவிட்டு, வடக்கே வாழும் மகனிடம் அவர் செல்வதாக இருந்தது. உதிரிபாகங்களுக்காகக் காரைப் பிரித்தெடுக்கும் வணிகர் ஒருவர் வந்து விலை பேசி, நாளும் குறித்துச் சென்றுவிட்டார். இச்செய்தியை முதியவர் வேலிக்கு அப்பால் நின்று அமைதியாகத்தான் சொன்னார். ஆயினும் நாள்தோறும் காலையில் கொட்டகைக் கதவைத் திறப்பதும், சற்றே நோக்குவதும், மீண்டும் மூடுவதும் அவர் வழக்கமாக இருந்தன. அதனைக் கண்ட எம்மால் சும்மா இருக்க இயலவில்லை.

எமக்கு அத்துறையில் சிறிது பழக்கம் உண்டு. எம் தாய்மாமன் வாடகைக் கார் வைத்திருந்தார். கல்லூரி விடுமுறை நாட்களில் அவருடைய அம்பாசிடர் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்கள் யாம். எம்.ஜி.பி. காரின் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினும், அந்நாளைய அம்பாசிடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. முதியவர் முன்மூடியைத் தூக்கிக் காட்டியபோது, அயலூரில் உறவினர் ஒருவரைக் கண்டது போன்ற மகிழ்ச்சி எமக்கு உண்டாயிற்று. அவருக்கோ கைகள் இரண்டும் ஓயாது நடுங்கின. சிறு திருகாணியைக்கூடப் பற்ற இயலாது. ஆகவே அவர் சொல்ல யாம் செய்வது என்று முடிவாயிற்று.

முதல் நாளே பிழை செய்தோம். பதின்மூன்று ஆண்டுகளாகத் தொட்டியில் கிடந்த பெட்ரோலை முதலில் வெளியேற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். ஒருமுறையேனும் எஞ்சின் ஒலியைக் கேட்டுவிடும் அவசரம் எமக்கு. பழைய எண்ணெயாயினும் தீப்பற்றாமலா போகும் என எண்ணிப் புதிய பேட்டரியைப் பொருத்திச் சாவியைத் திருகினோம். பின்சக்கரத்தருகே உள்ள மின்பம்ப் அசையவில்லை. திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டியதும் டக் டக் என ஒலிக்கத் தொடங்கியது. யாம் வென்றுவிட்டதாக நினைத்தோம். அடுத்த நிமிடமே பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. முன்புறக் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, நேர் கீழே உள்ள புகைபோக்கியின் மீது சொட்டிக்கொண்டிருந்தது! முதியவர் குரல் எழுப்பியதால் உடனே சாவியை அணைத்தோம். எஞ்சின் குளிர்ந்திருந்தமையால் தப்பினோம். சூடேறிய நிலையில் அவ்வாறு நேர்ந்திருந்தால் காரோடு கொட்டகையும் எரிந்திருக்கும்.

அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கொட்டகையைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்த அழைத்துச் சென்றார். "குற்றம் தெரிகின்ற இடம் வேறு, குற்றம் பிறக்கின்ற இடம் வேறு. நாளைக்குத் தொட்டியிலிருந்து தொடங்குவோம்" என்று மட்டும் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களுக்குப் பொறுமையைப் போதித்த எமக்கு, அத்தேநீர் எளிதில் தொண்டைக்குள் இறங்கவில்லை.

மறுநாள் தொட்டியிலிருந்த பெட்ரோலைக் குழாய் வைத்து இறக்கினோம். தேநீர் நிறம், பழைய வார்னிஷின் நெடி! பெட்ரோல் நெடுங்காலம் நின்றால் எளிதில் ஆவியாகும் பகுதிகள் பறந்துவிடும். எஞ்சியது காற்றோடு கலந்து பிசினாகும். அப்பிசின்தான் கார்புரேட்டரின் மிதவை அறையிலுள்ள சிறு அடைப்பானை ஒட்டிக்கொண்டு, அதனை மூட விடாமல் செய்திருந்தது. தொட்டியைக் கழற்றி உள்ளே விளக்கிட்டுப் பார்த்தால் துருச்செதில்கள். அடிப்புறம் ஓட்டை விழும் நிலையில் இருந்தது. அவ்வகைக் கார் ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானதால், புதிய தொட்டி முதல் சிறு வளையம் வரை இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. புதிய தொட்டி வாங்கினோம். வெடித்திருந்த ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் மாற்றினோம். பம்பின் தொடுமுனைகளில் படிந்திருந்த கறையை நயமான தாளால் துடைத்தோம்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு செய்தி. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் வழக்கமான பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரையும் தக்கையையும் அரிக்கும். ஆகவே அதனைத் தாங்கும் குழாய்களையே பொருத்தினோம். கலப்புக் குறைந்த உயர்தரப் பெட்ரோலையே ஊற்றினோம். நம் நாட்டிலும் 2025இல் இருபது விழுக்காட்டுக் கலப்பு எட்டப்பட்டுவிட்டதால், பழைய வண்டி வைத்திருப்போர் இதனை நினைவில் கொள்வது நன்று.

அதன் பிறகே கார்புரேட்டர்களைத் தொட்டோம். அவை எஸ்.யு. வகையைச் சேர்ந்தவை. ஸ்கின்னர் குடும்பத்தின் பெயரால் ஸ்கின்னர் யூனியன் என வழங்கியதன் சுருக்கமே அப்பெயர். அதன் அமைப்பு வியப்பூட்டும் எளிமை உடையது. உட்செல்லும் காற்று மிகுந்தால் உள்ளிருக்கும் பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் பொருத்திய கூம்பிய ஊசியும் ஜெட் என்னும் சிறுதுளையிலிருந்து உயரும். ஊசி மெலியுமிடத்தில் இடைவெளி அகன்று பெட்ரோல் கூடுதலாக வரும். கேட்கும் அளவுக்குக் கொடுக்கும் கருவி அது.

எம் கார்புரேட்டர்கள் இரண்டிலும் பிஸ்டன்கள் ஒட்டிக் கிடந்தன. உப்புத்தாளை எடுக்கப்போன எம்மை முதியவர் தடுத்தார். பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளி கெட்டால் எல்லாமே கெடும். முன்னதன் பிஸ்டனைப் பின்னதன் கூட்டில் இடவும் கூடாது. ஒவ்வொன்றும் தன் இணையோடு பொருந்தியது. துணியில் கரைப்பானை நனைத்து ஒரு பகல் முழுதும் துடைத்தோம். அடைப்பான்களைப் புதியனவாக மாற்றினோம். ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமட்டத்தோடு சமமாக இருக்கப் பொருத்தி, மேற்குழியில் இருபதாம் எண் எண்ணெயைச் சிறிதளவு ஊற்றினோம். பிஸ்டனைத் தூக்கி விட்டால் அது தடையின்றி விழுந்து டக் என்று ஒலிக்க வேண்டும். ஒலித்தது. முதியவர் கண்களை மூடிக்கொண்டு, இன்னொரு முறை தூக்கி விடச் சொன்னார்.

கலவைத் திருகை முற்றும் மேலேற்றி, இரண்டு சுற்றுக் கீழிறக்கிவிட்டுச் சாவியைத் திருகினோம். நான்காவது முயற்சியில் எஞ்சின் இருமியது. பின் நின்று பேசியது. ஆயினும் இரு கார்புரேட்டர்களும் ஒத்துச் செல்லவில்லை. சிறிய ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும், மறு முனையைத் தம் காதிலும் வைத்து முதியவர் கேட்டார். முன்னதன் சீறல் ஓங்கியிருந்தது, பின்னதன் சீறல் தாழ்ந்திருந்தது. அவர் தலையசைக்க யாம் திருகினோம். அவர் செவியும் எம் கையும் சேர்ந்து ஒரு மனிதராயின. இரண்டு சீறல்களும் ஒரே சுருதியில் நின்றபோது அவர் குழாயை எடுத்தார். பிஸ்டனைச் சிறு கம்பியால் மயிரிழை உயர்த்திப் பார்த்தோம். வேகம் கணநேரம் கூடித் தன் நிலைக்குத் திரும்பியது. கூடியே நின்றிருந்தால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் அணைந்திருந்தால் குறைவு. எமது கலவை சரி.

ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிய வேண்டுமன்றோ! பிரேக்குகளை உள்ளூர் மெக்கானிக் ஒருவர் புதுப்பித்தார். நாற்பது ஆண்டு கடந்த காருக்கு அங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை எனினும், முதியவர் வலியுறுத்திச் சோதனைக்கு அனுப்பினார். தேறி வந்த மாலையில் அவர் பேத்தி ஊரிலிருந்து வந்திருந்தாள். குழந்தையாய் இருந்தபோது பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடுவே அமர்ந்து சென்ற நினைவு அவளுக்கு இருந்தது. அவள் ஓட்ட, முதியவர் பக்கத்தில் அமர, இருவரும் பழைய தொழிற்சாலை இருந்த தெருவழியே சென்று திரும்பினர். அங்கே இன்று கார்கள் பிறப்பதில்லை. திரும்பி வந்தவர் வணிகரைத் தொலைபேசியில் அழைத்து, கார் விற்பனைக்கு இல்லை என்று தெரிவித்தார். பேத்தியிடம் ஒரே நிபந்தனையோடு அதனை ஒப்படைத்தார்: பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் ஓட்ட வேண்டும்.

ஊர் திரும்பிய யாம், பத்தாண்டுகளாகத் திறவாத மர அலமாரியைத் திறந்தோம். எம்மூர்ப் பெரியவர்களின் வாய்மொழிச் சொற்களைத் தொகுத்து, பாதியில் நிறுத்தி வைத்த குறிப்பேடுகள் அங்கே இருந்தன. பூச்சி அரித்த பக்கங்கள் பல. சொல்லித் தந்த பெரியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. முதல் நாள் போல அவசரப்படவில்லை. கெட்டதைத் தனியே எடுத்து வைத்தோம், எஞ்சியதைத் துடைத்தோம், நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதத் தொடங்கினோம்.

அன்பு மாணவர்களே, பயன்படுத்தினால் தேயுமோ என அஞ்சி எதனையும் பூட்டி வைக்காதீர்கள். நாக்கில் பிழை தெரிந்தால் நெஞ்சில் என்ன தேங்கியுள்ளது என்று பாருங்கள். அறிந்த பெரியவர்களின் கை நடுங்குகிறதே என்று ஒதுக்கிவிடாமல், அவர்கள் சொல்லுக்கு உங்கள் கைகளைக் கொடுங்கள். நின்ற வண்டி ஓடும்.