கடைக்காரர் ஆகாத அப்பப்பா

1940களில் புங்குடுதீவில் வளர்ந்த ஆண்பிள்ளைக்கு வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. வள்ளம் ஏறி யாழ்ப்பாணம், ரயில் ஏறி கொழும்பு, அங்கிருந்து எங்காவது ஒரு சொந்தக்காரரின் கடை. தீவில் பல கிணறுகள் உவர். வயல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அப்பப்பாவின் தமையன்மார் அந்த வழியில்தான் போனார்கள். அவர் மட்டும் வன்னிக்கு வந்து வட்டக்கச்சியில் காடு வெட்டினார்.

ஏன் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: "அவருக்குக் காடெண்டால் உயிர்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டை விரும்பியவருக்கெல்லாம் அரசாங்கம் காணி கொடுத்துக்கொண்டா இருந்தது?

கையில் கடதாசி ஒன்றும் இல்லை. 2003இல் அவர் கண்ணை மூடியபோது பேர்மிட், படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. 2009இல் யுத்தத்துக்குள் அந்தப் பெட்டியும் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தது. தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம். அதற்குப் பிறகு ஏதோ ஒரு பங்கருக்குள் தங்கிவிட்டது. வன்னியில் ஒரு பழைய ஆளைத் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் முட்டுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே ஆளை விட்டுவிட்டுக் குளத்திலிருந்து தொடங்கினேன்.

கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய இரணைமடுக் குள வேலை 1920 அளவில் முடிந்தது. தண்ணீர் வந்தது, ஆட்கள் அவ்வளவாக வரவில்லை. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைப் புரட்டினால் கைவிடப்பட்ட ஊர்களும் உடைந்த குளங்களுமாக இருக்கும். மலேரியாவுக்குப் பயந்து குடாநாட்டார் வன்னியில் இராத்தங்கவே யோசித்த காலம் அது. அந்த நிலையை மாற்றியதில் மூன்று காரியங்களுக்குப் பங்கு உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ முடியாத பேர்மிட் காணிகளை உண்டாக்கியது. இரண்டாம் உலக யுத்தகால அரிசித் தட்டுப்பாடும் கூப்பனும் அரசாங்கத்தை நெல்லின் பக்கம் தள்ளின. 1946இலிருந்து டி.டி.ரி. அடித்து நுளம்பை அடக்கினார்கள். 1950களில் இரணைமடு அணைக்கட்டை உயர்த்தி வட்டக்கச்சிப் பக்கம் வயல் விரிந்தபோது, காணியில்லாதவர்களை அழைத்துக் காணிக் கச்சேரி வைத்தார்கள்.

காணிக் கச்சேரியில் தனி ஆளுக்கு மதிப்பில்லை, பிள்ளைகுட்டிக்காரருக்கே முதலிடம். அப்பப்பாவின் கலியாணம் ஏன் அவ்வளவு அவசரமாக, சித்திரையில் பேசி வைகாசியில் முடிந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பம்மாவிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் கடைக் கேள்வி அப்படியே நின்றது. அதை அவிழ்த்தவர் அவரோடு அதே வாய்க்காலில் காணி எடுத்த ஒரு முதியவர். தொண்ணூறு கடந்தவர், காது மந்தம், ஞாபகம் மட்டும் கூர். "அவர் கடைக்குப் போனவர்தானே தம்பி! மாத்தறையில ஆறு மாசம் நிண்டவர். 'காலமை பலகை கழட்டினால் இரவுதான் பூட்டுறது, வெயிலைக் கண்ணால காணேல்லை' எண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டார்."

தமையனின் கடையை விட்டு ஓடிவருவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல, குடும்பத்துக்கே தலைகுனிவு. அதனால்தான் எங்கள் வீட்டுக் கதையில் மாத்தறை இல்லை. ஓடிவந்தவர் தீவுக்கும் போகவில்லை. சின்ன வயதில் தகப்பனோடு தோணியில் பூநகரிக்கு அரிவு வெட்டப் போய்ப் பழகிய இடம் இருந்தது; அங்கே போய்க் கூலிக்கு நின்றிருக்கிறார். காடு அவரை அழைத்தது என்று வீட்டில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, அவருக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை.

வந்தபின் காடு அவரைப் பிடித்துக்கொண்டது. கோடையில் குளத்தடிச் சேற்றில் தேன்பூச்சி தண்ணீர் குடிக்க இறங்கும். அப்பப்பா குந்தியிருந்து, குடித்து முடித்த பூச்சி எழும்பி எந்தப் பக்கம் நேராகப் போகிறது என்று பார்ப்பார். கொஞ்சத்தூரம் நடந்து நின்று, அடுத்த பூச்சியைப் பார்ப்பார். மத்தியானத்துக்குள் மரப்பொந்து அகப்பட்டுவிடும். வதையில் ஒரு பங்கை வெட்டாமல் விட்டு வருவது வழக்கம். பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்தடிக்கு வரும் என்பதால் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது உரத்த குரலில் கதைத்துக்கொண்டே நடப்பார். பழத்தின் பால் உதட்டில் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டதை அப்பா இன்றும் சொல்லுவார்.

உழைப்பைப் பற்றிச் சொல்வதானால் மிளகாய்க் காலத்தைச் சொல்ல வேண்டும். 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியதும் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பொன் விலை. மேட்டுக்காணியில் எம்.ஐ.1 மிளகாய் நட்டு, வாய்க்காலில் தண்ணீர் இல்லாத நாட்களில் கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய் மிசினால் இறைத்தார். இரவு இரண்டு மணிக்கு எழும்பி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாத்தி மாறுவார். அந்தக் காசில் ஒரு லாண்ட்மாஸ்ரர் வந்தது, கல்வீடு வந்தது, மூத்த மகள் ஆசிரியை ஆனார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. அவர் நெல்லுக்கே திரும்பினார், பெரிதாக நொந்துகொள்ளாமல்.

கடைசியாகக் கிடைத்தது பின்னுரித்துப் பதிவு. பேர்மிட்காரர் தனக்குப் பின் காணி யாருக்கு என்று நியமித்துக் காணிப் பதிவகத்தில் பதியலாம். நியமிக்காவிட்டால் அன்றிருந்த சட்டத்தின் அட்டவணைப்படி மகன்மார் முன்னுக்கு வந்தார்கள். அப்பப்பா நியமித்திருந்தது கடைசி மகளை. பள்ளிக்கூடம் விட்டதும் மண்வெட்டியோடு வயலுக்கு வந்த ஒரே பிள்ளை அவர்தான்.

மாமி எழுபதைத் தாண்டிவிட்டார். சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், ஒரு காணிக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு இப்போதும் அவரே போகிறார். தன் வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஒவ்வொரு முறையும் எழும்பிப் பேசுகிறார். காணி தங்கைக்கு என்று தெரியவந்தபோது பெரியப்பா கோபித்துக்கொண்டு மூன்று வருடம் வட்டக்கச்சிப் பக்கம் வரவில்லை. அறுவடைக்குப் பிறகு அரிசி மூட்டையை மட்டும் ஆள் விட்டு எடுப்பித்தார்.