மறதிக்கும் ஒரு வடிகட்டி

சென்ற விடுமுறையில் சிங்கப்பூரில் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். அவனுடைய பவளத்தொட்டியின் கண்ணாடியில் பாசி படர்ந்திருந்தது. பவளங்கள் நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தன. காரணம் அப்பா. இரை போட்டதை மறந்து மீண்டும் மீண்டும் போட்டுவிடுகிறார். மிஞ்சிய இரை அழுகி அம்மோனியாவாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பாஸ்பேட்டும் சேர்கிறது.

இரை டப்பாவை ஒளித்துவைத்துவிடலாம் என்றான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாசியைக் கொண்டே நீரைத் தூய்மைசெய்யும் முறைக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி 1982இல் காப்புரிமை பெற்றார். அந்த எண்ணத்தைப் பின்பற்றி, தொட்டிக்குக் கீழே ஓர் அறை அமைத்துக் கீட்டோமார்ஃபா பாசியை இட்டோம். அதற்கு இரவில் மட்டும் விளக்கு. மேலே ஒளி அணைந்த நேரத்திலும் ஒளிச்சேர்க்கை நடப்பதால் நீரின் பி.எச். அளவு அதிகம் சரிவதில்லை. கழிவை அழுகுமுன் நுரையாக்கி அகற்ற ஒரு ஸ்கிம்மர். சத்து அடியோடு வற்றினாலும் பவளம் வாடும் என்பதால், வாரந்தோறும் அளந்து பார்க்கிறான் தம்பி.

வளர்ந்த பாசியை அள்ளியெடுத்தால்தான் மிகைச்சத்து தொட்டியைவிட்டு நீங்கும். அந்த வேலை அப்பாவுடையது. "இவ்வளவு எப்படியடா வளர்ந்தது?" என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறார். நாங்கள் சொல்வதில்லை.